மீகாங் ஆத்துல ஒரு நாள்: வெட்டுன வாய்க்காலும் வாங்குன கடனும்

2024 கோடை லீவுல குடும்பத்தோட வியட்நாம் போயிட்டு வந்ததை எழுதச் சொல்லி நாலஞ்சு பேர் கேட்டுட்டே இருந்தீங்க. திருச்சியிலிருந்தே நேரா சைகோனுக்கு விமானம் இருந்ததாலதான் எழுபத்தாறு வயசு அப்பாவையும் கூட்டிட்டுப் போக முடிஞ்சது. ஹோட்டல், சாப்பாடு, கடைத்தெரு பத்தியெல்லாம் எழுதப் போறதில்ல, அது யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு. மீகாங் படுகையில சுத்துன அந்த ஒரு நாளைப் பத்தி மட்டும் எழுதுறேன்.

சைகோன்லேர்ந்து மீ தோ ஊருக்கு எழுபது கிலோமீட்டர். வேன்ல நாங்க அஞ்சு பேரு: அப்பா, நான், வீட்டம்மா, ரெண்டு பிள்ளைங்க. கூட வழிகாட்டியா ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும். ஏறுனதும் முதல் காரியமா எல்லாரோட வயசையும் கேட்டுச்சு. என்னடா இதுன்னு பார்த்தா, அவங்க பாஷையில உறவுமுறை இல்லாம யாரையும் கூப்பிட முடியாதாம். அப்பா 'ஓங்', அதாவது தாத்தா. நான் 'சூ', அப்பாவோட தம்பி முறை, நம்ம கணக்குல சித்தப்பா. வீட்டம்மா சித்தி. அதுலயே அப்பாவுக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சுப் போச்சு.

ஆனா மத்தியானம் வரைக்கும் அப்பா முகத்துல சுரத்தே இல்ல. மீ தோ படகுத்துறையில ஏறி, ஆத்து நடுவுல இருக்கிற தோய் சோன் தீவுக்குப் போனோம். தேன் கலந்த தேத்தண்ணி, பழத்தட்டு, பாட்டுக் கச்சேரி. அப்புறம் எதிர்க்கரை பென் ட்ரே பக்கம் போயி தேங்காய் மிட்டாய் போடுற இடம். ரெண்டு பக்கமும் தண்ணியிலயே வேர் விட்டு நிக்கிற ஒரு வகைப் பனை, அதுக்கு நடுவுல சின்னத் தோணி. பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். அப்பா என் காதுகிட்ட வந்து, "ஏண்டா, உலகத்துக்கே அரிசி அனுப்புற ஊருன்னு சொன்ன. காலையிலேர்ந்து தென்னந்தோப்பா காட்டுது இந்தப் புள்ள. நெல்லு எங்கடா?"ன்னாரு.

நியாயமான கேள்விதான். வியட்நாம் விளைவிக்கிற நெல்லுல பாதிக்கு மேல இந்தப் படுகையிலேர்ந்து வருது, ஏற்றுமதி அரிசியில நூத்துக்குத் தொண்ணூறு பங்கு இங்க விளையிறது. ஆனா சுற்றுலா தடத்துல ஒரு நாத்து கிடையாது. மக மூலமா கேட்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "நெல்லைக் காட்டுனா எந்த வெளிநாட்டுக்காரரும் பத்து நிமிஷத்துக்கு மேல பார்க்க மாட்டாங்க தாத்தா"ன்னுச்சு. அது பாக் லியூ மாகாணத்துப் பொண்ணு, படுகையோட தென்கோடி, வீட்டுல விவசாயம். நாங்களும் விவசாயம்னு தெரிஞ்சதும் பேச்சு மாறிப் போச்சு. கையில வச்சிருந்த அட்டையை மடிச்சு வச்சுட்டு வேற கதை சொல்ல ஆரம்பிச்சுது. அது சொன்னதும், வந்த பிறகு நான் தேடிப் படிச்சதும் சேர்த்துத்தான் இது.

நம்ம மனசுல ஆத்துப் படுகைன்னா ஆதி காலத்துலேர்ந்து பயிர் வச்ச பூமி. அங்க அப்படி இல்ல. சுமார் 40,000 சதுர கிலோமீட்டர் படுகையில பெரும்பாகம் முந்நூறு வருஷம் முன்னாடி சதுப்பும் காடும். அங்கங்க மேட்டு நிலத்துல கெமர் மக்கள், அதாவது கம்போடியர்கள், நெல்லு போட்டுட்டு இருந்தாங்க. நாங்க படகு ஏறுன மீ தோ ஊரு 1679-ல சீனாவுலேர்ந்து மிங் அரசகுலம் தோத்துப்போனதும் தப்பி வந்த படைக்காரங்க குடியேறின இடம். வடக்கேயிருந்து நுயென் பிரபுக்கள் அவங்களை இங்க அனுப்பி உட்கார வச்சாங்க. பின்னாடியே வியட்நாமியர்கள் வந்தாங்க. 1785-ல சயாம்காரங்க கப்பல் படையோட வந்தப்ப, நாங்க தேத்தண்ணி குடிச்ச அதே தீவைச் சுத்தித்தான் தை சோன் படைத்தலைவர் நுயென் ஹுவே மறைஞ்சிருந்து அடிச்சு நொறுக்குனாரு. இதை வழிகாட்டிங்க எல்லாரும் சொல்றாங்க. போர்க்கதை சொல்ல எல்லா ஊர்லயும் ஆள் உண்டு.

வாய்க்கால் கதைக்குத்தான் ஆள் கம்மி. மீ தோ ஊருக்குள்ள ஓடுற பாவ் டின் வாய்க்கால் 1705-ல மனுஷங்க வெட்டுனது. படுகையில வெட்டுன முதல் வாய்க்கால்னு அதைச் சொல்றாங்க. பாக்க ஆறு மாதிரியே இருக்கு, சொன்னாத்தான் தெரியும். பெரிய வேலை மேற்குல கம்போடிய எல்லையோரம் நடந்துச்சு. 1819-ல ஆரம்பிச்சு 1824 வரைக்கும், சாவ் டோக்லேர்ந்து ஹா தியென் கடல் பக்கம் போக, கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர் வின் தே வாய்க்கால். மண்வெட்டியும் கூடையும்தான். வியட்நாமியரும் கெமர்களுமா பல்லாயிரக்கணக்கான ஆளுங்களைக் கட்டாய வேலைக்குப் பிடிச்சு வந்து வெட்ட வச்சாங்க. காய்ச்சல்லயும் காட்டு மிருகத்துகிட்டயும் செத்தவங்க ஏராளம். வேலையை நடத்துன அதிகாரி தோவாய் நொக் ஹாவ், செத்தவங்க எலும்பைச் சேர்த்துப் புதைச்சு அவங்களுக்காக இரங்கல் உரை படிக்க வச்சாரு. வாய்க்காலுக்கு அவரோட சம்சாரம் பேரு. ஹுவே அரண்மனையில இருக்கிற ஒன்பது வெண்கலக் கொப்பரையில ஒண்ணுல இந்த வாய்க்காலைச் செதுக்கி வச்சிருக்காங்க. கம்போடியாவுல இதே வாய்க்காலைப் பத்தி வேற மாதிரி பேசிக்கிறாங்க. தங்க ஜனங்களைக் கொடுமை பண்ணி வெட்டுன வாய்க்கால்னு அவங்க சொல்ற கதை கேட்கவே கூடாத கதை. வெண்கலத்துல அது இல்ல.

அடுத்து பிரெஞ்சுக்காரன். தெற்குப் பகுதியைப் பிடிச்சு 'கொச்சின்சீனா'ன்னு பேரு வச்சான். 1877-ல மீ தோவுக்கும் சைகோன் பக்கத்துக்கும் நடுவுல சோ காவ் வாய்க்கால். அதுவும் கூலியில்லாத கட்டாய உழைப்புதான். சோ காவ்னா அரிசிச் சந்தைன்னு அர்த்தம். நெல்லுப் படகெல்லாம் அது வழியாத்தான் சைகோன் போகணும், இன்னைக்கும் போகுது. 1885-ல மீ தோவுக்கு ரயிலும் போட்டான். இந்தோசீனாவுல ஓடுன முதல் ரயில் அதுதான். 1890-களுக்கு அப்புறம் நீராவியில ஓடுற தூர்வாரும் இயந்திரக் கப்பல் வந்துருச்சு. வாய்க்கால் வெட்ட வெட்ட தண்ணி வடிஞ்சு நிலம் வெளிய வந்துச்சு. 1880-ல சுமார் அஞ்சே கால் லட்சம் ஹெக்டேர் நெல்லு. 1937-ல 22 லட்சம் ஹெக்டேர். நாலு மடங்கு.

இந்த இடத்துல அப்பா கேட்டாரு. "தண்ணி வடிஞ்சு வந்த நெலம் யாருக்குப் போச்சு?"

அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் பேசாம இருந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டுல ஒரு முழு மீனைப் பொரிச்சு நிக்க வச்சுக் கொடுப்பாங்க. அதை அரிசி அப்பளம் மாதிரி ஒரு தாள்ல சுத்திக்கிட்டேதான் நொக் நான் கதையைச் சொல்லுச்சு.

நொக் நான் அவங்க ஊர்ப் பக்கம், அப்ப பாக் லியூ மாகாணத்துல இருந்த கியா ராய் வட்டாரத்துல இருக்கு. ஒரு குடும்பம் 1900 வாக்குல காட்டை வெட்டி, உவர் நிலத்தைத் திருத்தி வயலாக்குச்சு. எழுபது ஹெக்டேருக்கு மேல. உழுதது அவங்க. ஆனா காகிதம்? பிரெஞ்சு அரசு நிலத்தைக் காகிதத்துல விண்ணப்பம் போட்டவனுக்குத்தான் கொடுத்துச்சு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், பணம் உள்ளவன், அதிகாரியைத் தெரிஞ்சவன் சைகோன்ல உட்கார்ந்துக்கிட்டே ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வாங்கலாம். அப்படி ஒரு பணக்காரர் அந்த நிலத்துக்குப் பட்டா காட்டுனாரு. குடும்பம் மனு மேல மனு போட்டுச்சு, ஒண்ணும் நடக்கல. 1928 பிப்ரவரி 16-ஆம் தேதி களத்துல இருந்த நெல்லைக் கட்ட போலீஸோட வந்தாங்க. கைகலப்பு, துப்பாக்கிச் சூடு. குடும்பத்துல நாலு பேரு செத்தாங்க, அதுல ஒருத்தி கர்ப்பிணி. ஒரு பிரெஞ்சுப் போலீஸ்காரனும் செத்தான்.

அந்த வருஷம் ஆகஸ்டுல கான் தோ நீதிமன்றத்துல விசாரணை. பத்திரிகைகள் விடாம எழுதுச்சு. பிரெஞ்சு வக்கீல்களே காசு வாங்காம குடும்பத்துக்காக வாதாடுனாங்க. பெரும்பாலானவங்களை விட்டுட்டாங்க. இன்னைக்கு அந்த இடம் நினைவிடமா இருக்கு. "பள்ளிக்கூடத்துல எல்லாரையும் கூட்டிட்டுப் போவாங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "எங்க கொள்ளுத்தாத்தா அதே பக்கம்தான். ஆனா அவருக்கு சண்டை போட நிலமே கிடையாது. அவரு 'தா தியென்'."

தா தியென்னா குத்தகைக்காரர். விளைச்சல்ல பாதிக்கு பாதி பண்ணைக்குப் போயிரும். மீதியில விதைக்கடன், சாப்பாட்டுக்கு வாங்குன நெல்லு, மாட்டு வாடகை எல்லாம் கழியும். 1930 வாக்குல எடுத்த கணக்குப்படி கொச்சின்சீனாவுல நில உடைமைக்காரங்கள்ல நூத்துக்கு ரெண்டரை பேரு கையில மொத்த நிலத்துல 45 சதவீதம் இருந்துச்சு. பாக் லியூ பண்ணையார் மகன் ஒருத்தர், சொந்த விமானம் வச்சிருந்தவர், கீழ விழுந்த ஒரு நோட்டைத் தேட இன்னொரு நோட்டைக் கொளுத்தி வெளிச்சம் காட்டுனாருன்னு இன்னமும் அங்க கதை சொல்றாங்க. அவரு வீடு இப்ப சுற்றுலாத் தலம். நொக் நானைவிட அங்கதான் கூட்டமாம்.

"அந்தப் பண்ணைக்காரருக்குப் பணம் யாரு கொடுத்தா?" இதையும் அப்பாதான் கேட்டாரு. கடன்காரன் வாசல்ல வந்து நின்னதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, அவங்களுக்குப் பண்ணையாருக்குப் பின்னாடி ஒருத்தன் இருப்பான்னு தெரியும்.

அந்தப் பொண்ணு எங்களை ஒரு தடவை பார்த்துட்டு, மரியாதையா, "உங்க ஊர்க்காரங்க தாத்தா. ஷெத்தி"ன்னுச்சு.

மேசையில யாரும் பேசல. முந்தின நாள் சாயங்காலம்தான் சைகோன் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். வியட்நாம் பொண்ணுங்க ஊதுபத்தியைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு நம்ம அம்மனைக் கும்பிடுறதைப் பார்த்து அப்பாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பக்கத்துத் தெருக்கள்ல தண்டாயுதபாணி கோயிலும் இருக்கு. 'நம்ம ஆளுங்க எங்க போனாலும் கோயில் கட்டிருக்காங்க பாரு'ன்னு ராத்திரி பூரா அதே பேச்சு. எந்தக் காசுல கட்டுனதுன்னு நானும் யோசிக்கல.

உண்மையைச் சொல்லணும்னா இதுல கதை ஒரே பக்கமில்ல. நகரத்தார் கொச்சின்சீனாவுல கொடுத்த கடன் பெரும்பாலும் பண்ணைக்காரருக்கு, குத்தகைக்காரருக்கு நேரா இல்ல. அவங்களும் சொந்தப் பணத்தோட, இந்தோசீனா வங்கி மாதிரி வங்கிகள்ல வாங்கித்தான் கொடுத்தாங்க. வங்கி ஒரு வட்டிக்கு செட்டியாருக்கு, செட்டியார் அதுக்கு மேல ஒரு வட்டிக்குப் பண்ணைக்காரருக்கு, பண்ணைக்காரர் இன்னும் பல மடங்குக்குக் குத்தகைக்காரருக்கு. கடைசி ஆளு கட்டுன நெல்லுல மேல இருந்த அத்தனை பேரும் பங்கு எடுத்தாங்க. அவன் கண்ணுக்குத் தெரிஞ்சது பண்ணைக்காரரும் அந்நியரான செட்டியாரும் மட்டும்தான். வங்கியோட முகத்தை அவன் பார்த்ததே இல்ல. 1930-கள்ல உலகச் சந்தையில அரிசி விலை தலைகுப்புற விழுந்தப்ப கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. அடமானம் வச்ச நிலமெல்லாம் கைமாற ஆரம்பிச்சதும் பத்திரிகைகள் செட்டியாரைத் திட்டித் தீர்த்துச்சு. பிரெஞ்சு அரசு பண்ணைக்காரரைக் காப்பாத்த நீண்டகாலக் கடன் ஏற்பாடு பண்ணுச்சு. குத்தகைக்காரருக்கு அப்படி எதுவும் இல்ல.

செட்டியார் மட்டுமில்ல. எங்க ஊருக்கு எட்டுற தூரத்துல இருக்கிற காரைக்கால்லேர்ந்தும் புதுச்சேரியிலேர்ந்தும் பிரெஞ்சுக் குடிமக்களா போன தமிழர்கள் அங்க சுங்கத்துலயும் போலீஸ்லயும் வேலை பார்த்தாங்க. படகுத்துறை வரி, சந்தை வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவங்களும் நம்மாளுங்கள்ல உண்டு. நெல்லு மூட்டையோட துறைக்கு வர்றவன்கிட்ட கை நீட்டுனது யாருன்னு யோசிச்சுக்கங்க.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சு, "அந்தக் கொள்ளுத்தாத்தா கடனைக் கட்டுனாரான்னு கேளு"ன்னாரு. கட்டலையாம். 1945-க்கு அப்புறம் வியட் மின் ஆளுங்க கைக்கு ஊரு வந்ததும் பண்ணைக்காரரு சைகோனுக்கு ஓடிட்டாரு, கணக்குப் புத்தகத்தோட. "செத்துப்போற வரைக்கும் அந்தக் கணக்கு எங்கேயோ இருக்கும்னு பயந்துக்கிட்டே இருந்தாராம்."

அதுக்கப்புறம் நடந்த சண்டை உலகத்துக்கே தெரியும். அதுக்குள்ள இருந்த நிலக் கதைதான் அவ்வளவாத் தெரியாது. வியட் மின் குத்தகைக்காரருக்குக் கொடுத்த நிலத்துக்கு, 1955-க்கு அப்புறம் சைகோன் அரசு மறுபடி பண்ணைக்காரரைக் கூட்டிட்டு வந்து குத்தகை கேட்க வச்சுச்சு. 1956-ல உச்சவரம்பு கொண்டு வந்தாங்க, எவ்வளவு தெரியுமா, 100 ஹெக்டேர்! நாங்க தேங்காய் மிட்டாய் தின்ன பென் ட்ரேயிலதான் 1960 ஜனவரியில கலகம் வெடிச்சது. முன்னால நின்னவங்கள்ல நுயென் தி டின்ங்கிற பெண் ஒருத்தர். 1970-ல சைகோன் அரசு 'உழுபவனுக்கே நிலம்'னு நல்ல சட்டம் ஒண்ணு போட்டுச்சு, உண்மையாவே பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல பங்கு போட்டாங்க. பதினஞ்சு வருஷம் முன்னாடி போட்டிருந்தா எவ்வளவு உசுரு மிஞ்சியிருக்குமோ.

சாப்பாடு முடிஞ்சு படகுல திரும்புறப்ப அந்தப் பொண்ணு, "எங்க தாத்தா காலத்துல 'ஹோண்டா நெல்லு' வந்துச்சு"ன்னு சொல்லுச்சு. ஒரு போகம் போட்டா ஒரு ஹோண்டா வண்டி வாங்கலாம்ங்கிறதால அந்தப் பேரு. சர்க்கார் வச்ச பேரு 'தான் நோங்', உழவர் தெய்வம். நம்பர் எட்டு. நான் மொழிபெயர்க்கிறதுக்கு முன்னாடியே அப்பா எழுந்திரிச்சு உட்கார்ந்துட்டாரு. "ஐ.ஆர்.எட்டா?"

அதேதான். 1966-ல பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அதே ஐ.ஆர்.8. அடுத்த ரெண்டு வருஷத்துல இங்கயும் வந்துச்சு, அங்கயும் போச்சு. அப்பா தாத்தாவோட சேர்ந்து முதல் முதலா நட்ட ரகம். குட்டைப் பயிரு, சாயாது, யூரியா போட்டா தாங்கும், சோறுதான் மொரமொரன்னு இருக்கும். ரெண்டு பேரும் பாஷை தெரியாம கையாலயே பேசிக்கிட்டாங்க. அப்பா முழங்காலைத் தொட்டுக் காட்டுறாரு, அது தலையை ஆட்டுது. அடுத்து அப்பா கேட்டது, "புகையான் வந்துச்சான்னு கேளு."

வந்துச்சு, பயங்கரமா. 1970-கள் கடைசியில படுகை முழுக்கப் புகையான் அடிச்சு வயல் எரிஞ்சாப்புல ஆயிருச்சு. போர் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம், ஏற்கெனவே பஞ்சம். அப்ப கான் தோ பல்கலைக்கழகத்துல வோ தோங் சுவான்னு ஒரு நெல் விஞ்ஞானி. பிலிப்பைன்ஸ்லேர்ந்து புகையானைத் தாங்குற ஐ.ஆர்.36 விதை கொஞ்சூண்டு வரவழைச்சாரு. அதைப் பெருக்கி, பல்கலைக்கழகத்தையே ரெண்டு மாசம் மூட வச்சு, மாணவங்க கையில விதைப் பொட்டலத்தைக் கொடுத்து ஊர் ஊரா அனுப்பி வச்சாரு. நாத்தங்கால் போடவும், விதை பத்தாதுங்கிறதால குத்துக்கு ஒத்தை நாத்து நடவும் சொல்லிக் கொடுத்து அனுப்புனாரு. ரெண்டு மூணு போகத்துல படுகை மீண்டுச்சு. நாங்க போயிட்டு வந்த அதே வருஷம் ஆகஸ்டுல அவரு காலமானாருன்னு செய்தி படிச்சேன். அப்பாகிட்ட சொன்னேன். "முப்பத்தாறு நல்ல ரகம்"னு மட்டும் சொன்னாரு.

விதை வந்தும் சோறு வரல, அது இன்னொரு கதை. 1975-க்கு அப்புறம் நிலம், மாடு, இயந்திரம் எல்லாத்தையும் கூட்டுப் பண்ணையில சேர்க்கச் சொன்னாங்க. நூறு வருஷம் நிலத்துக்காக அடிபட்டு, இப்பத்தான் கைக்கு வந்த நிலம். யாரு விடுவா? அந்தப் பொண்ணோட தாத்தா எருமையைக் கொடுக்க மனசில்லாம ராத்திரியோட ராத்திரியா வித்துட்டாராம். படுகை இருந்தும் நாடு அரிசி இறக்குமதி பண்ணுச்சு. கடைசியில 1988-ல 'பத்தாம் நம்பர் தீர்மானம்' வந்து, நிலத்தைக் குடும்பம் குடும்பமா உழுறதுக்குப் பிரிச்சு விட்டாங்க. அடுத்த வருஷமே, 1989-ல, 14 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி. வாய்க்கால் அதே வாய்க்கால், ஆளும் அதே ஆளு.

ஆனா நிலம் இன்னைக்கும் சட்டப்படி அரசோடது. குடும்பத்துக்கு இருக்கிறது உபயோகிக்கிற உரிமை. விக்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், ஆனா அதுக்குக் கெடு உண்டு. திரும்புற வழியில லோங் ஆன் பக்கம் ஒருவழியா வயல் வந்துச்சு. அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டாரு. நேரடி விதைப்பு, முளைச்சு ஒரு வாரம் இருக்கும். நடு வயல்ல வெள்ளையடிச்ச சமாதிங்க நாலஞ்சு. அந்த ஊர்ல பெரியவங்களைச் சொந்த வயல்லதான் அடக்கம் பண்றாங்க. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நெலம் கவர்மெண்டோடதுன்னா, சமாதி யாரோடதுன்னு கேளுடா"ன்னாரு. அந்தப் பொண்ணு சிரிச்சுது, பதில் சொல்லல.

"உங்கப்பா இப்ப என்ன போட்டிருக்காரு?"ன்னு நான் கேட்டேன். இறால்னுச்சு. நமக்கு இறால் பண்ணைன்னா நல்ல வயலைக் கெடுக்குற விஷயம். அங்க 2001-ல பாக் லியூ விவசாயிங்களே உப்புத்தண்ணியைத் தடுக்கக் கட்டுன அணையை உடைச்சுட்டாங்க, இறாலுக்கு உப்புத்தண்ணி வேணும்னு. அரசு நெல்லுக்காகக் கட்டுனது. கடைசியில அரசுதான் திட்டத்தை மாத்திக்கிச்சு. இப்ப அவங்க அப்பா கோடையில இறால், மழை வந்து உப்பைக் கழுவி விட்டதும் அதே வயல்ல நெல்லு. ஆனா உப்பு வர வர உள்ள ஏறி வருது. மேல சீனாவுலயும் லாவோஸ்லயும் அணைங்க, கீழ கடல். 2016-லயும் 2020-லயும் பென் ட்ரேயில குடிக்கிற தண்ணியே உப்பாயி, காசு கொடுத்து வாங்குனாங்க.

வண்டி ஏறுறதுக்கு முன்னாடி அது அவங்க அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு போனை எங்க அப்பாகிட்ட கொடுத்துச்சு. திரையில சட்டையில்லாம ஒருத்தர், பின்னாடி தண்ணி கட்டுன வயல். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்பா வானத்தைக் காட்டி, கையை விரிச்சு, மழை வந்துச்சான்னு சைகையில கேட்டாரு. அவரும் வானத்தைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குனாரு. அப்புறம் விரலை எங்க பக்கம் நீட்டி, உங்களுக்குங்கிற மாதிரி கேட்டாரு. அப்பாவும் உதட்டைத்தான் பிதுக்குனாரு. அந்த வருஷம் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கல.